உங்கள் தங்கச்சியை ஒருமுறை வந்து பார்க்கவும்

வோபர்ன், ஸ்காபரோ.
பனி கொட்டும் ஒரு செவ்வாய்க்கிழமை.

பெருமதிப்புக்குரிய அஜக்ஸ் மச்சான் தில்லைநாதன் அவர்களுக்கு,

உங்கள் தங்கை புனிதவதியின் கணவன் சச்சிதானந்தன் எழுதிக்கொள்வது. நீங்களும் மச்சாளும் சுகமாக இருப்பீர்கள் என்றும், உங்கள் முழங்கால் இந்தக் குளிரிலும் உங்கள் சொல்லைக் கேட்டு நடக்கிறது என்றும் நம்புகிறேன். நான் சுகம். துர்க்கா சுகம். புனிதம் சுகமா என்பதுதான் இந்தக் கடிதத்தின் விஷயம்.

அஜக்ஸில், 401 நெடுஞ்சாலையில் ஏறினால் வந்துவிடக்கூடிய தூரத்தில் இருக்கிறவருக்கு ஏன் கடிதம் என்று நினைப்பீர்கள். ஃபோனில் சொல்ல முடியாது, மச்சான். புனிதம் குசினிக்குள் நின்றாலும் என் மூச்சு மாறுவது அவளுக்குக் கேட்கும். வட்சப்பில் எழுதினால் எழுத்தைப் பெரிதாக்கித் தருகிறேன் என்று மகள் துர்க்கா ஃபோனைப் பிடுங்கி எல்லாவற்றையும் வாசித்துவிடுவாள். அதனால் பால் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, எங்கள் பில்டிங்குக்கு எதிரே உள்ள கோப்பிக் கடையின் மூலையில் இருந்து இதை எழுதுகிறேன். தயவுசெய்து இருந்துகொண்டு வாசியுங்கள்.

எல்லாம் பஸ்ரியனால் வந்தது. எங்கள் மாடியில் இருக்கிற நெடுந்தீவுப் பஸ்ரியனை உங்களுக்குத் தெரியும். துர்க்காவின் சாமத்தியச் சடங்கில் உங்கள் பக்கத்தில் இருந்து மூன்றுதரம் பாயாசம் வாங்கிக் குடித்தவன். லொறி ஓட்டுவதை விட்டதிலிருந்து அவனுக்குச் சாப்பாட்டைத் தவிர வேறு யோசனை இல்லை. "எல்லாரும் கியூபாவுக்குப் போய் ஹொட்டலுக்குள்ள படுத்துக் கிடந்திட்டு வாறாங்கள். நாங்கள் குவாதலூப் தீவுக்குப் போவம், சச்சி. சாப்பிடுவம், சுத்திப் பாப்பம். ஜோசப்பினுக்குப் பிரெஞ்சு தெரியும்" என்றான். அவன் மனைவி ஜோசப்பின் கனடாவுக்கு வந்த புதிதில் மொன்றியலில் தையல் தொழிற்சாலையில் வேலை செய்தவள். அந்தத் தீவில் ஓர் எரிமலை இருக்கிறதாமே என்று நான் கேட்டேன். "அது எங்களுக்காகக் காத்துக்கொண்டிருக்குதோ?" என்றான். மச்சான், எங்களுக்காக அங்கே வேறொன்று காத்துக்கொண்டிருந்தது.

மொன்றியலில் விமானம் மாறி, பெட்டி ஒன்று எங்கேயோ போய், நான் முதல் மூன்று நாளும் பஸ்ரியனின் அரைக்காற்சட்டையை ஊசி குத்திப் போட்டுக்கொண்டு திரிந்த கதையை நேரில் சொல்கிறேன். இறங்கிய அன்று மத்தியானமே, தீவின் தெற்குப் பக்கத்தில் வாழைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் போனோம். வாசலில் கரும்பலகை. அதில் 'கொலம்போ' என்று எழுதியிருந்தது. பஸ்ரியன் கதிரையில் இருந்து துள்ளி எழும்பினான். "டேய் சச்சி, கொழும்பெண்டு எழுதியிருக்கடா! எங்கட ஆள் ஒருத்தன் இஞ்சயும் வந்து கடை போட்டிட்டான்!" என்று குசினி வாசல்வரை போய், "அண்ணை, ஊரில எவடம்?" என்று கேட்டான். உள்ளே இருந்து வந்தவர் முகவெட்டில் அசல் எங்கள் ஆள். வாயைத் திறந்தால் பிரெஞ்சு. ஜோசப்பின் பேசிப் பார்த்துச் சொன்னாள்: அவருடைய பூட்டன் காலத்தில் காரைக்கால் பக்கத்தில் இருந்து கரும்பு வெட்டக் கப்பலில் கொண்டுவரப்பட்ட சனமாம். பாஷை போய்விட்டது, கறி தங்கிவிட்டது. அந்தக் கறிக்குத்தான் கொலம்போ என்று பெயர். ஏன் அந்தப் பெயர் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. எனக்கு நெஞ்சை ஏதோ செய்தது. பஸ்ரியனுக்குப் பசித்தது.

அந்த மனிதர் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவர், தற்செயலாகப் பஸ்ரியனின் தோளுக்கு மேலால் எங்கள் மேசையைப் பார்த்தார். பேச்சு அப்படியே நின்றது. புனிதம் தன் பாட்டுக்குக் கைலேஞ்சியால் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவர் உள்ளே போனார். நாங்கள் இன்னும் என்ன சாப்பாடு வேண்டும் என்று சொல்லி முடிக்கவில்லை. புனிதத்துக்கு மட்டும் ஒரு கோப்பை ஆட்டிறைச்சிக் கொலம்போ வந்தது. எங்கள் மூன்று பேருக்கும் வந்த கறியில் கத்தரிக்காய் இருந்தது. அவளுடையதில் இல்லை. கத்தரிக்காய் தின்றால் உங்கள் தங்கச்சிக்கு உதடு தடிக்கும் என்பது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், பிரெஞ்சு பேசுகிற ஒரு கடைக்காரருக்கு எப்படித் தெரியும்? ஜோசப்பின் போய்க் கேட்டுவிட்டு வந்து இருந்தாள். முகம் வெளிறியிருந்தது.

"என்னவாம்?"

"அவ ஒருநாளும் கத்தரிக்காய் சாப்பிடமாட்டாதானே எண்டு சொல்லுறார், அண்ணை."

"எவ?"

"புனிதமக்காவைத்தான் கையைக் காட்டுறார்."

வேறு யாரோ ஒருத்தி என்று நினைத்துவிட்டார், எங்கள் முகங்கள் எல்லாம் அவர்களுக்கு ஒரே மாதிரி என்று பஸ்ரியன் தீர்ப்புச் சொல்லிவிட்டு என் கோப்பையில் இருந்த இறைச்சியையும் எடுத்தான். நானும் சிரித்தேன். புனிதம் மட்டும் சிரிக்கவில்லை. சாப்பிட்டு முடித்ததும், "நல்ல ருசி" என்றாள். முப்பது வருடத்துக்கு மேலாக அவளோடு கடைகளில் சாப்பிட்டு வருகிறேன். அந்தச் சொல் அவள் வாயில் இருந்து வந்து நான் கேட்டது அதுதான் முதல்தரம்.

அடுத்தநாள் சந்தைக்குப் போனோம். கறித்தூள் விற்கிற ஒரு பெரிய உடம்புக்காரப் பெண், கட்டம்போட்ட துணியால் தலையைச் சுற்றிக் கட்டியிருந்தவள், புனிதத்தைக் கண்டதும் கையில் இருந்த அகப்பையைப் போட்டுவிட்டுச் சிலுவை போட்டாள். பிறகு ஓடிவந்து இரண்டு கையாலும் புனிதத்தின் முகத்தைப் பிடித்துப் பார்த்தாள். அழுதாள். ஒரு பொட்டலம் தூளை அவள் கைக்குள் திணித்தாள். "திரும்பி வந்திட்டியோ எண்டு கேக்கிறா" என்று ஜோசப்பின் சொல்லும்போது அவளுடைய கை பஸ்ரியனின் சேட்டு நுனியைப் பிடித்திருந்தது. அதற்குப் பிறகு, மச்சான், சந்தையில் நாங்கள் நடந்த பக்கமெல்லாம் கூட்டம் விலகி வழி விட்டது. யாரும் கிட்ட வரவில்லை, யாரும் தூரப் போகவும் இல்லை. பஸ்ரியனுக்கு மாத்திரம் இது நல்ல காலம். புனிதத்துக்குப் பின்னால் நடந்தால் பொரித்த மீன் வடை, தேங்காய்ப் பணியாரம், அன்னாசி என்று எல்லாக் கடையிலும் கையில் தருகிறார்கள் என்று கண்டுபிடித்துவிட்டான். "ஆர் எண்டாலும் இருந்திட்டுப் போகட்டும், சச்சி. நல்ல செல்வாக்கான ஆளாத் தெரியுது" என்றான்.

பின்னேரம் அருவி பார்க்கப் போனோம். வழியில் எங்கேயோ இருந்து ஒரு மண்ணிற நாய் வந்து புனிதத்துக்குப் பின்னாலேயே நடந்தது. உங்கள் தங்கச்சி எங்கள் லிஃப்டுக்குள் ஒரு நாய்க்குட்டி ஏறினாலே அடுத்த லிஃப்டுக்குக் காத்து நிற்கிறவள். அவள் ஒரு கல்லில் இருந்தாள். நாய் அவள் காலடியில் படுத்தது. அவள் குனிந்து அதன் காதுக்குப் பின்னால் சொறிந்தாள். நான் அருவியைப் பார்க்கவே இல்லை, மச்சான். வீட்டுக்கு வந்து பஸ்ரியனின் படங்களில்தான் பார்த்தேன். அழகான அருவி.

அடுத்தநாள் காலை நாங்கள் தங்கியிருந்த வீட்டு வாசலில் ஒருவர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். எமில் என்று பெயர், பள்ளிக்கூட வாத்தியார். அவருடைய சித்தி றோசலி போன வருடம் கடலில் குளிக்கப் போனவர் திரும்பி வரவில்லையாம். உடலும் கிடைக்கவில்லை. றோசலியின் அக்கா ஒகுஸ்ரீன் அன்று தொடக்கம் படுக்கை; ஒவ்வொரு நாளும் தங்கச்சிக்கு ஒரு கோப்பையில் சாப்பாடு போட்டு மூடிவைக்கச் சொல்கிறாராம். இப்போது ஊர்ச்சனம் றோசலி வந்துவிட்டாள் என்று அவர் காதிலும் போட்டுவிட்டது. ஒருக்கால் வந்து முகத்தைக் காட்டுவீர்களா என்று கேட்டார். கேட்டுவிட்டுப் புனிதத்தைப் பார்க்க முடியாமல் நிலத்தைப் பார்த்தார்.

நான் உடனே முடியாது என்றேன். எரிமலை பார்க்கப் போகவேண்டும் என்று சொன்னேன். எரிமலைக்கு அதுவரை நான்தான் மாட்டேன் என்று நின்றவன்.

"போவம்" என்றாள் புனிதம்.

"அங்க போய் என்ன சொல்லப்போறீர்? பாஷையும் தெரியாது."

"ஒண்டும் சொல்லத் தேவையில்லை. முகத்தைத்தானே கேக்கினம்."

போனோம். மழை தூறிக்கொண்டிருந்தது. ஒழுங்கையின் இரண்டு பக்கமும் சனம், குடைகூடப் பிடிக்காமல், ஒரு சத்தமும் இல்லாமல் நின்றது. பிள்ளைகள்கூட அசையவில்லை. சிறிய தகரக் கூரை வீடு. விறாந்தைச் சுவரில் ஒரு படம் மாட்டியிருந்தது. நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தேன். தலையில் துணி கட்டியிருந்ததே தவிர, மச்சான், அது புனிதம். நான் கார் பார்க் பண்ணும்போது பக்கத்தில் இருந்துகொண்டு வாயின் ஒரு பக்கத்தை மட்டும் இழுப்பாளே, அந்தப் பார்வை. பஸ்ரியன் கையில் இருந்த பணியாரத்தைப் பைக்குள் வைத்துவிட்டுச் சிலுவை போட்டான். அதைக் கண்டபிறகுதான் எனக்கு உண்மையாகப் பயம் வந்தது. பஸ்ரியன் சாப்பாட்டைப் பாதியில் வைத்ததை நான் கண்டதில்லை.

புனிதம் யாரும் காட்டாமலே நேராக உள்ளறைக்குப் போனாள். நாங்கள் கதவோடு நின்றுவிட்டோம். கட்டிலில் கிடந்த அம்மா அவளைக் கண்டதும் யாரும் பிடிக்காமலே எழும்பி இருந்தார். எமிலுக்கு வாய் திறந்தது மூடவில்லை. "றோசலி" என்றார் அந்த அம்மா. புனிதம் போய்க் கட்டிலில் இருந்தாள். மூடிவைத்த கோப்பை பக்கத்தில் இருந்தது. அதைத் திறந்து சாப்பிடத் தொடங்கினாள். சாப்பிட்டுக்கொண்டே இருவரும் கதைத்தார்கள். நெடுநேரம் கதைத்தார்கள். இடையில் ஒருக்கால் இரண்டு பேரும் சிரித்தார்கள், பள்ளிக்கூடப் பெட்டைகள் மாதிரி, தோளில் தோள் முட்டி.

வெளியே வந்ததும் நான் ஜோசப்பினைக் கேட்டேன். "பிள்ளை, உமக்கு விளங்கினதே?"

"கிறியோல், அண்ணை. இந்தச் சனம் வீட்டுக்குள்ள கதைக்கிற பாஷை. பிரெஞ்சு மாதிரி, ஆனா எனக்கே அரைவாசிதான் விளங்கினது. புனிதமக்கா எங்க பழகினவ?"

நான் கேட்டது தமிழ். என் காதாணையாகச் சொல்கிறேன். "ஓமக்கா, தண்ணி நல்ல குளிர், கண்ணைத் திறக்கவே ஏலாமப் போச்சு" என்று புனிதத்தின் குரல் சொன்னதை நான் கேட்டேன். பஸ்ரியனைக் கேட்டோம். அவனுக்குக் கூரையில் மழை விழுகிற சத்தம் மட்டும்தான் கேட்டதாம்.

அடுத்தநாள் காலை எமில் திரும்பவும் வந்தார். இந்தமுறை தொப்பி இல்லை. ஒகுஸ்ரீன் விடிய நித்திரையிலேயே போய்விட்டார், சிரித்த முகத்தோடு போனார் என்று சொல்லிப் புனிதத்தின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். புனிதம் விழுந்து அழுதாள். உங்கள் அம்மாவின் செத்தவீட்டில்கூட அவள் அப்படி அழவில்லை. நீங்களும் அங்கே நின்றீர்கள். எங்கள் சுற்றுலாவின் மிச்சம் அந்தச் செத்தவீட்டில் போனது. புனிதத்தைக் கொண்டுபோய்ச் சொந்தக்காரர் வரிசையில் முதலாவதாக நிறுத்தினார்கள். அவளும் நின்றாள். எனக்கு ஒரு கறுத்தக் காற்சட்டை தந்தார்கள், அளவாக இருந்தது. றோசலியின் புருஷனுடையதாம். அவர் எங்கே என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

இனித்தான் விஷயத்துக்கு வருகிறேன். நாங்கள் திரும்பி வந்துவிட்டோம். பஸ்ரியன் வந்தான், ஜோசப்பின் வந்தாள், பெட்டிகூட வந்தது. புனிதம் வந்தாளா என்று எனக்குத் தெரியவில்லை.

சிரிக்கவேண்டாம். அவள் என்னை ஏசுவதில்லை, மச்சான். ஈரச் சப்பாத்தோடு கம்பளத்தில் நடந்து பார்த்தேன். பார்த்துவிட்டுச் சும்மா இருந்தாள். லிஃப்டுக்குள் நாய்கள் எல்லாம் அவளைக் கண்டால் வாலை ஆட்டுகின்றன, மற்றவர்களைப் பார்ப்பதே இல்லை. மார்க்கம் றோட் பஸ்ஸில் தலைத்துணி கட்டிய ஒரு அம்மா ஏதோ கேட்க, இவள் ஏதோ சொல்ல, இரண்டு பேரும் இறங்கும்வரை சிரித்தார்கள். "என்னவாம்?" என்று கேட்டேன். "குளிராம்" என்றாள். "எந்தப் பாஷையில சொன்னவ?" என்றேன். "அதை ஆர் கவனிச்சது?" என்றாள். எங்கள் பல்கனியில் இருந்து பார்த்தால் தூரத்தில் ஏரி ஒரு நூல்போலத் தெரியும். பத்து வருடமாக அதை அவள் திரும்பிப் பார்த்ததில்லை. இப்போது பனிக்குள்ளும் சால்வையைச் சுற்றிக்கொண்டு நின்று அதையே பார்க்கிறாள். காலையில் அவளுடைய தலையணை ஈரமாக இருக்கிறது. குளித்துவிட்டுப் படுத்திருப்பா என்கிறாள் துர்க்கா. உங்களுக்கு ஒளிக்கக்கூடாது, நான் அந்தத் தலையணையை நக்கிப் பார்த்தேன். உப்பு.

துர்க்காவிடம் சொன்னேன். "அப்பா, அம்மா இஸ் ஹப்பி. வட்ஸ் யுவர் ப்ரொப்ளம்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். கோயில் ஐயரிடம் சொன்னேன். அவர் என்னைத்தான் அர்ச்சனைக்கு எழுதினார். பஸ்ரியனிடம் சொன்னேன். "சமையல் எப்பிடி?" என்று கேட்டான். சமையல் முந்தியதைவிட நல்லாயிருக்கிறது. அதுதானே எனக்குப் பயம்.

ஆகையால் மச்சான், நீங்கள் ஒருக்கால் வரவேண்டும். அவளை எனக்குக் கலியாணத்துக்குப் பிறகுதான் தெரியும். பிறந்ததில் இருந்து தெரிந்தவர் இப்போது நீங்கள் ஒருவர்தான். தற்செயலாக வந்த மாதிரி வந்து, உங்கள் இரண்டு பேருக்கும் மட்டும் தெரிந்த ஏதாவது சின்ன வயதுச் சங்கதியைப் பேச்சோடு பேச்சாகக் கேட்டுப் பாருங்கள். சரியாகச் சொன்னால் எனக்குக் கண்ணைக் காட்டுங்கள். பிழையாகச் சொன்னாலும் எனக்கு முதலில் சொல்லுங்கள், அவளுக்குச் சொல்லவேண்டாம்.

மச்சாளுக்கு என் அன்பு. உங்கள் முழங்காலுக்கு என் அனுதாபம். எல்லாம் வல்ல பெருமான் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டுகிறவர்கள் எல்லாரும் உங்களுக்குத் தெரிந்தவர்களாகவே இருக்க அருளவேண்டும்.

இங்ஙனம்,
உங்கள் தங்கையின் கணவன் (என்றுதான் இன்னும் நம்புகிற)
சச்சிதானந்தன்

பிற்குறிப்பு: மேலே எழுதியதை எல்லாம் விட்டுவிடுங்கள். முத்திரை வாங்குவதற்கு முன்னமே என் ஜக்கெற்றைத் தோய்க்க எடுத்த புனிதம் அதன் பைக்குள் கடிதத்தைக் கண்டு வாசித்துவிட்டாள். நான் பாத்ரூமுக்குள் போய்ப் பூட்டிக்கொண்டேன். சத்தமே வராததால் வெளியே வந்தேன். மேசையில் இரண்டு தேத்தண்ணி வைத்துவிட்டு இருந்தாள்.

"அண்ணை வந்து என்ன, பல்லைப் பிடிச்சுப் பாக்கப்போறாரோ?" என்றாள். தேத்தண்ணியை ஆற்றி என் பக்கம் தள்ளினாள். "அந்த மனிசி எழும்ப ஏலாத மனிசி. நான் வாசல்ல நிக்க எழும்பி இருந்தவ. என்னைக் கண்டு ஒருத்தர் அப்பிடிச் சந்தோசப்பட்டதை நான் இண்டைவரைக்கும் காணேல்லை. நீங்களும் இல்லை, அண்ணையும் இல்லை. நான் அவ இல்லை எண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை."

"அப்ப இப்ப?" என்றேன்.

"இப்ப என்ன?"

"இப்ப நீர் ஆர்?"

அவள் யோசித்தாள், மச்சான். யோசித்தாள்! பிறகு, "உங்களுக்கு ஆர் வேணும்?" என்று கேட்டாள். விளையாட்டாகக் கேட்கவில்லை. சந்தையில் மரக்கறி எடுக்கும்போது எது வேண்டும் என்று கேட்பது மாதிரிக் கேட்டாள். தேத்தண்ணி ஆறிப்போகும்வரைக்கும் நான் அவளுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு நேரம் அந்த முகத்தை நான் முந்திப் பார்த்த ஞாபகம் இல்லை. அதனால், பழைய முகம்தானா என்று சொல்லவும் எனக்கு வழி இல்லாமல் போய்விட்டது.

சனிக்கிழமை ஆட்டிறைச்சி காய்ச்சுகிறாளாம். நீங்களும் மச்சாளும் கட்டாயம் வாருங்கள். சோதனை ஒன்றும் வேண்டாம், சின்ன வயதுக் கேள்வி ஒன்றும் கேட்கவேண்டாம். பெல் அடித்தால் அவள்தான் வந்து கதவைத் திறப்பாள். அங்கே நிற்கிறது ஆராக இருந்தாலும், கண்டவுடனே கொஞ்சம் சந்தோசப்படுங்கள். நானும் பழகிக்கொண்டு வருகிறேன்.